குளிர்நீர்க் கசிவு (தானுந்து)

குளிர்நீர்க் கசிவு என்பது தானுந்தின் பொறியைக் குளிர்விக்கும் மூடிய சுற்றிலிருந்து நீர்மம் வெளியேறுவதைக் குறிக்கும். வண்டியின் அடியில் ஈரமோ சொட்டோ காணப்படாமல், நீர்மத்தின் அளவு மட்டும் நாளுக்கு நாள் குறைந்து வருமாயின் அது மறைவான கசிவு எனப்படும். பழைய கார்களில் பொறி சூடேறிப் பழுதடைவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் ஆகும். குறைந்த நீரை மீண்டும் நிரப்புவது கசிவைத் தீர்ப்பதில்லை. நிரப்பப்படும் நீர் உவர்ப்பானதாக இருந்தால் அது கசிவை மேலும் பெரிதாக்கும். விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணம், எக்கியார்குப்பம் போன்ற உப்பளக் கடற்கரை ஊர்களில் இச்சிக்கலுக்குக் கூடுதல் முக்கியத்துவம் உண்டு.

குளிர்விப்புச் சுற்று

பெட்ரோல் பொறியில் எரிபொருள் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் தோராயமாக மூன்றில் ஒரு பங்கு புகையுடன் வெளியேறுகிறது. ஏறத்தாழ அதே அளவு வெப்பத்தைக் குளிர்விப்பு அமைப்பு அகற்ற வேண்டியுள்ளது. பொறியின் உருளைகளைச் சுற்றியும், பட்டறைகளில் சிலிண்டர் ஹெட் எனப்படும் உருளைத்தலையின் உள்ளேயும் நீர் ஓடும் வழிகள் அமைக்கப்பட்டுள்ளன. நீர் பம்ப் நீர்மத்தை இவ்வழிகளில் செலுத்துகிறது. சூடேறிய நீர்மம் மேல் குழாய் வழியாக ரேடியேட்டருக்குச் சென்று, காற்றால் குளிர்ந்து, கீழ்க் குழாய் வழியாகப் பொறிக்குத் திரும்புகிறது. பொறி தேவையான சூட்டை அடையும் வரை ரேடியேட்டருக்குச் செல்லும் வழியைத் தெர்மோஸ்டாட் என்னும் அடைப்பிதழ் மூடி வைத்திருக்கும்.

ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அன்று. அதில் இரண்டு அடைப்பிதழ்கள் உள்ளன. ஒன்று சுற்றின் அழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவை மீறும்போது திறந்து நீர்மத்தை வெளியேற்றும். மற்றொன்று பொறி குளிரும்போது திறந்து, வெளியேறிய நீர்மத்தைச் சேமிப்புக் குப்பியிலிருந்து திரும்ப உறிஞ்ச வழிவிடும். 1950களின் கார்களில் மூடியின் அழுத்தம் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 பார் வரை இருந்தது. பின்னர் வந்த கார்களில் இது ஏறத்தாழ 0.9 முதல் 1.1 பார் வரை ஆகும்.

அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். திறந்த பாத்திரத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், 1 பார் கூடுதல் அழுத்தத்தில் ஏறத்தாழ 120 பாகையில்தான் கொதிக்கிறது. நீரும் எத்திலீன் கிளைகாலும் சம அளவில் கலந்த கூலண்ட் அதே அழுத்தத்தில் ஏறத்தாழ 129 பாகை வரை கொதிப்பதில்லை. எனவே ஊசிமுனை அளவுள்ள துளையும் இரு வகையில் தீங்கு செய்கிறது. முதலில் அது அழுத்தத்தைக் குறைத்துக் கொதிநிலையைத் தாழ்த்துகிறது. பிறகு நீர்மத்தின் அளவைக் குறைக்கிறது.

கசிவு மறையும் விதம்

ஒரு சொட்டின் கன அளவு ஏறத்தாழ 0.05 மில்லிலிட்டர் எனக் கொள்ளலாம். 10 நொடிக்கு ஒரு சொட்டு கசிந்தால் ஒரு மணி நேரத்தில் 360 சொட்டுகள், அதாவது 18 மில்லிலிட்டர் வெளியேறும். வண்டி மாதத்திற்கு 30 மணி நேரம் ஓடினால் இழப்பு அரை லிட்டரைத் தாண்டும். ஆயினும் ஒவ்வொரு சொட்டும் சூடான இரும்பின் மேல் விழுந்து உடனே ஆவியாகி விடுவதால் தரையில் எதுவும் விழுவதில்லை.

மூடிய சுற்றிலிருந்து நீர்மம் காணாமற்போக மூன்று வழிகளே உள்ளன.

- பொறிக்கு வெளியே கசிந்து, ஆவியாதல் அல்லது மறைவான இடத்தில் தேங்குதல்.
- உருளைக்குள் புகுந்து, புகையுடன் நீராவியாக வெளியேறுதல்.
- பொறி எண்ணெயுடன் கலத்தல்.

மறைவான கசிவைத் தேடுவது என்பது இம்மூன்றில் எவை இல்லை என்பதை ஒவ்வொன்றாக உறுதிசெய்து, எஞ்சிய வழியைக் கண்டறிவதே ஆகும். இவ்வரிசையைப் பின்பற்றாமல் பாகங்களை மாற்றுவதால் செலவு கூடுமேயன்றிக் கசிவு நிற்கும் என்ற உறுதி இல்லை.

கசியும் இடங்கள்

ரேடியேட்டர் மூடி: மூடியின் ரப்பர் வளையம் இறுகியோ வெடித்தோ இருந்தால், வண்டி ஓடும்போது நீர்மம் ஆவியாக வெளியேறும். வண்டி நின்ற பின் எந்த அடையாளமும் இருக்காது.

சேமிப்புக் குப்பியின் சிறு குழாய்: இக்குழாயில் வெடிப்பு இருந்தால், பொறி குளிரும்போது நீர்மத்திற்குப் பதிலாகக் காற்று உறிஞ்சப்படும். குப்பி நிறைந்திருக்க ரேடியேட்டர் மட்டும் வெறுமையாகிக் கொண்டிருக்கும். குப்பியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது புலப்படாது.

ரப்பர் குழாய்களின் முனைகள்: குழாயை இறுக்கும் கிளிப்பின் அடியில் கசிவு ஏற்படும். சில குழாய்கள் சூட்டில் விரிந்து இறுகிக்கொள்வதால், பொறி குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் மட்டும் கசியும்.

நீர் பம்ப்: பம்பின் அச்சைச் சுற்றியுள்ள அடைப்பு தேய்ந்தால், நீர்மம் பேரிங்கை அடையாமல் வெளியேற ஒரு சிறு துளை விடப்பட்டிருக்கும். அத்துளையின் கீழே காய்ந்த கறை இருந்தால் அடைப்பு தேய்ந்துள்ளது எனலாம்.

வெல்ச் பிளக்: பொறியின் வார்ப்பில் உள்ள துளைகளை மூடும் மெல்லிய உலோக வட்டுகள் இவ்வாறு அழைக்கப்படுகின்றன. இவை உட்புறமிருந்து துருப்பிடித்து அரிக்கப்படும். பொறியின் பின்புறமோ புகைவழிக் குழாயின் பின்னாலோ அமைந்த வட்டுகளைக் கண்ணால் காண்பது கடினம்.

ஹீட்டர்: குளிர்ப் பகுதிகளுக்காக வடிவமைக்கப்பட்ட கார்களில் பயணிகள் அறையைச் சூடாக்க ஒரு சிறு ரேடியேட்டர் உண்டு. அது கசிந்தால் கால் விரிப்பு நனையும். கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பான படலம் படியும். காருக்குள் இனிப்பு வாடை வீசும். தமிழ்நாட்டில் ஹீட்டர் பயன்படுத்தப்படுவது அரிது என்பதால் அதன் குழாய்கள் பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் விடப்படுகின்றன.

ஹெட் கேஸ்கெட்: உருளைத்தலைக்கும் பொறிக் கட்டைக்கும் இடையிலுள்ள இத்தகடு கிழிந்தால் நீர்மம் உருளைக்குள்ளோ எண்ணெய்க்குள்ளோ புகும். உருளைத்தலையில் விரிசல் ஏற்பட்டாலும் இதே விளைவு உண்டாகும்.

கண்டறியும் முறை

சோதனைகள் செலவு குறைந்ததிலிருந்து செலவு மிக்கதை நோக்கிச் செல்ல வேண்டும். தொடக்கச் சோதனைகள் யாவும் பொறி நன்கு குளிர்ந்த பிறகே செய்யப்படுகின்றன.

1. இழப்பை உறுதி செய்தல். சமதரையில், காலையில், பொறி குளிர்ந்திருக்கும்போது நீர்மட்டம் குறிக்கப்படுகிறது. சில நாட்களுக்கு மட்டத்துடன் ஓடிய தொலைவும் குறிக்கப்பட்டால் கசிவின் வேகம் தெரியும். நின்ற வண்டியில் மட்டம் குறைந்தால் வெளிக் கசிவு என ஐயுறலாம். ஓடும்போது மட்டும் குறைந்தால் மூடி, பம்ப், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றை ஐயுறலாம்.

2. காய்ந்த தடம் தேடுதல். நீர்மம் ஆவியானாலும் அதில் கரைந்திருந்த உப்புகளும் சாயமும் எஞ்சி நிற்கும். உப்பளப் பாத்தியில் நடப்பதும் இதுவே. இணைப்புகளின் கீழே வெள்ளை, பச்சை அல்லது துரு நிறப் பொருக்கு உள்ளதா என்பது கைவிளக்கின் ஒளியில் பார்க்கப்படுகிறது. வண்டியின் அடியில் இரவு முழுதும் செய்தித்தாளை விரித்து வைப்பதும் பயன் தரும்.

3. மூடியைச் சோதித்தல். மூடியின் மேல் பொறிக்கப்பட்ட அழுத்தத்தை அது தாங்குகிறதா என்பது கைப்பம்பால் சோதிக்கப்படுகிறது. மூடி விலை குறைந்த பாகம் ஆதலால் ஐயம் இருப்பின் மாற்றிவிடலாம்.

4. அழுத்தச் சோதனை. மூடியின் இடத்தில் அழுத்தமானி பொருத்திய கைப்பம்பை வைத்து, மூடிக்கு உரிய அழுத்தம் வரை காற்று ஏற்றப்படுகிறது. அழுத்தம் 15 முதல் 30 நிமிடம் வரை நிலைத்து நிற்க வேண்டும். முள் இறங்கி வெளியே ஈரம் தெரிந்தால் கசியும் இடம் அங்கேயே உள்ளது. முள் இறங்கியும் வெளியே எங்கும் ஈரமில்லை எனில் கசிவு பொறிக்கு உள்ளே அல்லது ஹீட்டரில் உள்ளது. முள் இறங்கவில்லை எனில், பொறி மிதமாகச் சூடேறிய நிலையில் சோதனையை மீண்டும் செய்ய வேண்டும். சில விரிசல்கள் சூட்டில்தான் திறக்கும். சூடான பொறியில் மூடியைத் திறக்கும் இப்பணியைப் பயிற்சி பெற்றவர்களே செய்ய வேண்டும்.

5. ஒளிரும் சாயம். புற ஊதா ஒளியில் ஒளிரும் சாயத்தைக் குளிர்நீரில் கலந்து, சில நாட்கள் வண்டியை ஓட்டிய பின் புற ஊதா விளக்கால் பார்த்தால், கசிந்த இடம் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒளிரும்.

6. ஸ்பார்க் பிளக்குகளைப் பார்த்தல். நீர்மம் புகும் உருளையின் பிளக் மற்றவற்றைவிட வழக்கத்திற்கு மாறாகச் சுத்தமாக இருக்கும். நீராவி கரியை அகற்றிவிடுவதே காரணம். அழுத்தச் சோதனைக்குப் பின் ஈரமாக உள்ள பிளக்கும் அவ்வுருளையைக் காட்டிக் கொடுக்கும்.

7. எரிவாயுச் சோதனை. ரேடியேட்டரின் வாயிலிலிருந்து எடுக்கப்படும் காற்று புரோமோதைமால் நீலம் கலந்த நீர்மத்தின் வழியே செலுத்தப்படுகிறது. உருளையிலிருந்து புகை வாயு கசிந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டைஆக்சைடு நீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகும். அப்போது நீல நிறம் மஞ்சளாக மாறும். ஹெட் கேஸ்கெட் பழுதை உருளைத்தலையைக் கழற்றாமலேயே அறிய இச்சோதனை உதவுகிறது.

8. உருளை அழுத்தச் சோதனை. அடுத்தடுத்த இரண்டு உருளைகளில் அழுத்தம் குறைந்திருந்தால் அவற்றுக்கிடையே கேஸ்கெட் கிழிந்திருக்கலாம். உருளைக்குள் அழுத்திய காற்றைச் செலுத்தும்போது ரேடியேட்டரில் குமிழிகள் எழுந்தால் ஐயம் உறுதியாகும்.

தவறாகப் பொருள் கொள்ளப்படும் அறிகுறிகள்

வெண்புகை எப்போதும் கசிவின் அடையாளம் ஆகாது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர், ஆவியாக உண்டாகிறது. குளிர்ந்த காலையில் இது வெண்ணிறமாகத் தெரிவது இயல்பு. பொறி நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நிற்கவில்லை என்றால்தான் ஐயுற வேண்டும்.

எண்ணெய் மூடியின் அடியில் பால் போன்ற படலம் இருப்பதும் அவ்வாறே. குறுந்தொலைவு மட்டும் ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரம் படிந்து இப்படலம் உண்டாகும். அளவுகோலில் வரும் எண்ணெயும் பால் கலந்தது போல் இருந்தால் பொறியை இயக்கக் கூடாது.

குளிரூட்டி பொருத்திய கார்களின் அடியில் சொட்டும் நீர் பெரும்பாலும் காற்றிலிருந்து ஒடுங்கிய ஈரமே. ஈரப்பதம் மிக்க கடற்கரையில் இது மிகுதியாகச் சொட்டும். இந்நீருக்கு நிறமோ பிசுபிசுப்போ இராது.

சேமிப்புக் குப்பி இல்லாத பழைய கார்களில் ரேடியேட்டரை விளிம்பு வரை நிரப்பினால் ஒரு பகுதி தானே வெளியேறும். 30 பாகையிலிருந்து 90 பாகைக்குச் சூடேறும்போது நீர் ஏறத்தாழ 3 விழுக்காடு விரிவதால், 7 லிட்டர் கொள்ளும் சுற்றிலிருந்து 200 மில்லிலிட்டருக்கு மேல் வழியும். இது கசிவு அன்று.

வெப்பமானியின் முள் தாழ்ந்திருப்பது பாதுகாப்பின் சான்று ஆகாது. அதன் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் பெரிதும் வடிந்த பொறியில் உணரி காற்றில் நிற்பதால், பொறி சூடேறிய பின்னும் முள் தாழ்வாகவே இருக்கக்கூடும்.

பழைய இந்தியக் கார்கள்

இந்துஸ்தான் மோட்டார்சு நிறுவனம் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 1950களின் பிற்பகுதி முதல் 2014 மே வரை அம்பாசடர் காரைத் தயாரித்தது. அதன் 1,489 கன செ.மீ. பெட்ரோல் பொறியில் கட்டையும் உருளைத்தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்சு தயாரித்த பத்மினி, ஃபியட் 1100 வகையைச் சேர்ந்தது. அதன் உருளைத்தலை அலுமினியத்தால் ஆனது. 1983 டிசம்பரில் வெளிவந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட மாருதி 800 காரின் உருளைத்தலையும் அலுமினியமே.

இவ்வேறுபாடு கசிவுக்கு முக்கியமானது. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிகிறது. வார்ப்பிரும்புக் கட்டையின் மேல் அலுமினியத் தலை அமைந்த பொறி ஒருமுறை அளவுக்கு மீறிச் சூடேறினாலும், தலை வளைந்து கேஸ்கெட் கிழியக்கூடும். வார்ப்பிரும்புத் தலை எளிதில் வளைவதில்லை. ஆனால் சூடான நிலையில் குளிர்ந்த நீரை ஊற்றினால் விரிசல் விடும்.

பழைய ரேடியேட்டர்கள் செம்பு, பித்தளையால் ஆனவை. அவற்றின் துளைகளை ஈயப் பற்றாசு வைத்து அடைக்க இயலும். பின்னர் வந்த அலுமினிய ரேடியேட்டர்களில் பிளாஸ்டிக் தொட்டிகள் மடிப்பு முறையில் பொருத்தப்பட்டுள்ளன. அத்தொட்டிகளில் வெடிப்பு ஏற்பட்டால் பெரும்பாலும் ரேடியேட்டரையே மாற்ற வேண்டியுள்ளது.

உப்பளக் கடற்கரையும் நீரின் தன்மையும்

சென்னையையும் புதுச்சேரியையும் இணைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் அமைந்துள்ளது. தமிழ்நாட்டில் உப்பு விளையும் இடங்களுள் இதுவும் ஒன்று. எக்கியார்குப்பம் அதனை அடுத்த கடலோர மீனவ ஊர் ஆகும். இத்தகைய இடங்களில் காருக்கு இரு புறமிருந்தும் உப்பு தீங்கு செய்கிறது.

வெளிப்புறத்தில், கடற்காற்றில் வரும் நுண்ணிய உப்புத் துகள்கள் ரேடியேட்டரின் தகடுகளிலும் கிளிப்புகளிலும் படிந்து அவற்றை அரிக்கின்றன. அலுமினியப் பாகங்களின் மேல் தோன்றும் வெள்ளைப் பூப்பு, குளிர்நீரின் பொருக்கைப் போலவே தோற்றமளிக்கும். அரிப்பால் வரும் பூப்பு பரப்பு முழுவதும் பரவியிருக்கும். கசிவின் பொருக்கு ஓர் இணைப்பில் தொடங்கிக் கீழ்நோக்கி ஒழுகிய கோடாக இருக்கும். பரப்பைத் துடைத்துச் சில நாட்கள் கழித்துப் பார்த்தால், கசிவின் தடம் அதே இடத்தில் மீண்டும் தோன்றும்.

உட்புறத்தில், நிரப்பப்படும் நீரே காரணமாகிறது. கடலோர நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் குழிகளைத் தோண்டுகிறது. செம்பு, ஈயம், இரும்பு, அலுமினியம் ஆகியவை உப்பு நீரால் இணைக்கப்படும்போது சுற்று முழுவதும் ஒரு மின்கலம் போல் செயல்பட்டு, அலுமினியமும் இரும்பும் கரைகின்றன. கடின நீரிலுள்ள பைகார்பனேட்டுகள் சூட்டில் சிதைந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகின்றன. இப்படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் இது அடைக்கும்.

மூடி வழியாக நீர் ஆவியாக வெளியேறும் வண்டியில் தீமை பன்மடங்காகிறது. ஆவி மட்டுமே செல்ல, உப்பு உள்ளே தங்குகிறது. ஒவ்வொரு முறை கிணற்று நீர் நிரப்பப்படும்போதும் மேலும் உப்பு சேர்கிறது. பாத்திக்குக் கடல்நீர் பாய்ச்சி வெயிலில் வற்றவிடும் உப்பளத்தின் செயலே ரேடியேட்டருக்குள்ளும் நிகழ்கிறது. எனவே காய்ச்சி வடித்த நீர், தூய மழைநீர் அல்லது உப்பு நீக்கிய நீருடன், அரிப்புத் தடுப்பிகள் அடங்கிய கூலண்ட்டைக் கலந்து பயன்படுத்துவதே தக்கது. இந்தியாவில் கூலண்ட்டுக்கான தர வரையறை ஐஎஸ் 5759 ஆகும். பனி பெய்யாத இடத்திலும் கூலண்ட் தேவைப்படுவது உறைவதைத் தடுப்பதற்காக அன்று, அரிப்பைத் தடுப்பதற்காகவே.

தற்காலிக அடைப்பு முறைகள்

ரேடியேட்டரில் சிறு துளை ஏற்பட்டால் மஞ்சள் தூளைப் போடுவது ஓட்டுநர்களிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கம். தூள் நீரில் ஊறிப் பருத்துத் துளையில் சிக்கி அடைக்கிறது. கடைகளில் விற்கப்படும் கசிவு அடைப்பான்களும் இதே முறையில் செயல்படுகின்றன. பட்டறை வரை செல்ல இவை உதவலாம். ஆயினும் துளையை அடைக்கும் துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

வண்டி சூடேறுகிறது என்பதற்காகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும் பரவலான பழக்கம் ஆகும். இதனால் கசிவு நிற்பதில்லை. பொறி தேவையான சூட்டை அடையாமல் ஓடுவதால் எரிபொருள் செலவும் உருளைகளின் தேய்மானமும் கூடுகின்றன. சூடேறுதல் என்ற எச்சரிக்கையும் தாமதமாகவே கிடைக்கும்.

ஹெட் கேஸ்கெட் பழுது உறுதியானால் உருளைத்தலையைக் கழற்றி, நேர்விளிம்பும் இடைவெளி அளவியும் கொண்டு வளைவு அளக்கப்படுகிறது. வளைந்திருந்தால் பரப்பு சமன் செய்யப்படுகிறது. போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, உரிய வரிசையிலும் விசையிலும் இறுக்க வேண்டும். மீண்டும் நீர்மம் நிரப்பும்போது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றாவிட்டால், கசிவு இல்லாமலேயே பொறி சூடேறும்.

பாதுகாப்பு

சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கக் கூடாது. அழுத்தம் நீங்கிய கணமே 100 பாகைக்கு மேல் சூடான நீர் கொதித்துப் பீறிடும். முகத்திலும் கைகளிலும் கடுமையான தீப்புண்கள் ஏற்படும். சாலையில் சூடேறிய வண்டியை நிறுத்தி, மேல் குழாய் கையால் தொடக்கூடிய அளவு ஆறும் வரை காத்திருக்க வேண்டும்.

எத்திலீன் கிளைகால் இனிப்புச் சுவையுள்ள நச்சு ஆகும். ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் உட்கொண்டால் வளர்ந்தவர்களும் இறக்கக்கூடும். கசிவைச் சுவைத்து அறிய முயல்வது ஆபத்தானது. வடித்த கூலண்ட்டைக் குழந்தைகளும் நாய், ஆடு போன்றவையும் அணுகும் இடத்தில் வைக்கக் கூடாது. குடிநீர்ப் புட்டிகளில் சேமிக்கவும் கூடாது. உடலில் இது மெத்தனாலைப் போலவே, ஆல்ககாலைச் சிதைக்கும் நொதியால் மாற்றப்பட்டு நஞ்சாகிறது. 2023 மே மாதத்தில் எக்கியார்குப்பத்தில் பத்துக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்த கள்ளச்சாராயத்தில் கலந்திருந்தது மெத்தனால் ஆகும். மெத்தனால் ஆக்கும் பார்மிக் அமிலம் கண் நரம்பைத் தாக்குகிறது. கிளைகால் ஆக்கும் ஆக்சாலிக் அமிலம் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. இரண்டிற்கும் மருத்துவமனைகளில் ஃபோமெபிசோல் என்னும் ஒரே மாற்று மருந்து பயன்படுகிறது. எனவே தவறி உட்கொண்டவரை அறிகுறிகளுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- ரேடியேட்டர்
- எத்திலீன் கிளைகால்
- அரிமானம்
- அம்பாசடர் (தானுந்து)
- மரக்காணம்